லிஃப்டுக்குள் உன் இரண்டு குரல்கள்

நவீன், இதை நேரில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் நீ நின்று "என்னப்பா?" என்று கேட்டாய். நான் "சார்ஜர் எடுத்து வச்சியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை நீ புனேவுக்குப் பறக்கிறாய். முதல் வேலை, முதல் வாடகை வீடு, நான் பார்த்திராத ஊர். அதற்குள் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எழுதியதை ஊரே படிக்கட்டும் என்று வெளியிலும் விடுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் உன்னைக் கேலி செய்தது முப்பது பேர் முன்னால். அதற்கு மன்னிப்பை மட்டும் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டால் அது நேர்மை ஆகாது.

நமக்குள் வயது வித்தியாசம் இருபத்தொன்றுதான். டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருடம் நீ. உன் கல்லூரிக்கு வந்தபோது வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்து, "தம்பி, பேரன்ட்ஸ் வரலையா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இளவயது அப்பாவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. பிள்ளையைத் தன் செட்டில் ஒருவன் என்று நினைத்துக் கலாய்த்துவிடுவான். பிள்ளைக்கு அது அப்பா சொன்ன தீர்ப்பாகப் போய்ச் சேரும். இது எனக்குப் புரிய ஆறு வருடம் ஆயிற்று. மின்சுற்றில் பிழை இருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பேன். இதற்கு ஆறு வருடம்.

எனக்கு வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கத் தெரியாது. நீ உன் ஆங்கிலத்தை, உனக்கு வருகிற மாதிரியே, என் முன்னால் பேச வேண்டும். அவ்வளவுதான். நீ பதினைந்து வயதில் அதை நிறுத்தினாய். நிறுத்தியது நீ, நிறுத்த வைத்தது நான்.

ஒன்பதாம் வகுப்பில் உன்னை மேடவாக்கம் பள்ளிக்கு மாற்றினோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வருகிற பிள்ளைகள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள். எட்டு மாநிலத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் பொது பாஷை ஆங்கிலம்தானே. சாயங்காலம் வந்ததும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத பையன்களுடன் விளையாட்டு. மூன்று மாதத்தில் உன் பேச்சு மாறிவிட்டது. 'வாட்டர்' என்பதில் கெட்டியாக நின்றிருந்த எழுத்து கரைந்து 'வாடர்' ஆயிற்று. 'ஷெட்யூல்' போய் 'ஸ்கெஜுல்' வந்தது. 'கார்' என்று சொன்னால் கடைசியில் நாக்கு உள்ளே மடங்கி ஒரு சின்ன உறுமல். எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டியது, வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் மேலே ஏறுவது. "ஐ வென்ட் டு தாம்பரம்?" என்பாய். போனது நீ, கேள்வி என்னிடமா என்று தோன்றும். அது அமெரிக்காவும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை, ஏர்போர்ட்டை ஒட்டிய நம் பொழிச்சலூரும் இல்லை. உன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எங்கேயோ ஒரு புது ஊர் கட்டி, அங்கே குடியேறிவிட்டதுபோல இருந்தது. எனக்கு மட்டும் முகவரி தெரியவில்லை.

உன் பெரிய மாமா மேடவாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தாரே, அன்றைக்குத்தான். சாப்பாட்டுப் பந்தியில் மும்பையிலிருந்து வந்த பிள்ளைகளோடு நீ பேசிக்கொண்டிருந்தாய். "கேன் யூ பாஸ் த வாடர்?" என்றாய். நான் பக்கத்து இலை. சும்மா இருந்திருக்கலாம். பந்தியே கேட்கும்படி, "ஏர்போர்ட் பக்கத்துல குடியிருந்தா போதும்போல. டிக்கெட்டே எடுக்காம ஃபாரின் ஆக்ஸென்ட் வந்துடுது பாருங்க!" என்றேன். முப்பது பேரும் சிரித்தார்கள். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட நின்று சிரித்தார். நீயும் சிரித்தாய். அதனால் எனக்கு உறைக்கவில்லை. என் நகைச்சுவை ஜெயித்துவிட்டது என்று இன்னொரு பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நீ ஆங்கிலத்தில் பேசி நான் கேட்டதில்லை. ஃபோன் வந்தால் எழுந்து போய்விடுவாய். நான் அறைக்குள் நுழைந்தால் பாதி வாக்கியத்தில் தமிழுக்கு மாறுவாய், அல்லது "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். காதல் கீதல் என்று நினைத்தேன். உன் அம்மாதான் ஒரு நாள் சொன்னாள். "லவ்வும் இல்ல ஒண்ணும் இல்ல. அவன் வாயத் தொறந்தா நீங்க மார்க் போடுறீங்க. எந்தப் பையன் பரீட்சை ஹாலுக்குள்ள உக்காந்து ஃப்ரெண்ட்ஸோட பேசுவான்?" நான் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் சரியான உச்சரிப்பச் சொல்லிக்கொடுக்கறேன்" என்று சொன்னேன்.

அந்தச் 'சரியான உச்சரிப்பு' எங்கிருந்து வந்தது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. என் முதல் வேலை கிண்டியில், ஒரு சின்ன கம்பெனியில். எனக்கு ஆங்கிலம் காதால் வரவில்லை. மோட்டார் பெட்டியோடு வருகிற விளக்கப் புத்தகங்களைப் படித்துக் கண்ணால் வந்தது. எழுதியிருப்பதை அப்படியே படிப்பேன். ரசீதுக்கான ஆங்கிலச் சொல்லில் 'ப்' ஒலிக்காது என்று தெரியாமல், முதல் வாரம் மேலாளரிடம் "ரெசிப்ட் வாங்கிட்டேன் சார்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரெ-சிப்ட்?" என்றார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அந்த வாரம் முழுக்க டீ கொண்டு வருகிறவர் முதற்கொண்டு "ரெசிப்ட் சார் வந்துட்டார்" என்றார்கள். அப்புறம் பல்லாவரத்தில் மின்ரயில் ஏறினால் கிண்டி வரும்வரை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, அந்த மேலாளர் எப்படிப் பேசுவாரோ அப்படியே சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு வருடத்தில் அச்சு அசலாக அவர் பேச்சு வந்துவிட்டது. ஆக, பந்தியில் உன்னைப் பார்த்துச் சிரித்த வாய் என்னுடையதே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவருடையது. நான் அதை எடுத்து வைத்திருந்து, பத்திரமாக உன்மேல் பயன்படுத்தியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் கேவலமாக இருக்கிறது.

சரி, லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் கேள்.

லிஃப்ட் பராமரிப்பு என் தொழில் என்பதால், சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்து நாலு மாடிக் கட்டடம் என் பொறுப்பில் இருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கி, லிஃப்டில் மாடி எண்ணைச் சொல்லும் குரல் பெட்டி செத்துவிட்டது. அதுவரை அதில் பேசிக்கொண்டிருந்தவர் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராகவன் சார், ஓய்வு பெற்ற அதிகாரி, "புதுசு மாட்டறப்ப நம்ம ஊர்க் குரலா போடுங்க. தமிழ்லயும் வேணும், இங்கிலீஷ்லயும் வேணும். வெள்ளிக்கிழமை பூஜை வச்சிருக்கோம்" என்றார். கம்பெனி வழியாகப் போனால் இரண்டு வாரம். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. உன்னைப் பிடித்தேன். நீ முதலில் "வேற யாரயாவது பாருங்கப்பா" என்றாய். அம்மா ஏதோ காதில் சொன்னாள், ஒத்துக்கொண்டாய்.

பொழிச்சலூரில் ஒலிப்பதிவு செய்வது எவ்வளவு சுகம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பாத்திரம் அதிரும். ஒன்று போய் இன்னொன்று வருவதற்குள் பதிவு செய்தாக வேண்டும். எதிரொலி கேட்காமலிருக்க உன்னைப் படுக்கையறை அலமாரிக்குள், உன் அம்மாவின் புடவைகளுக்கு நடுவில் நிற்கவைத்து, கதவில் கனத்த ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டேன். நான் வெளியில், ஹெட்ஃபோனும் கம்ப்யூட்டருமாக. உள்ளேயிருந்து, "அப்பா, வேர்த்து ஊத்துது, சீக்கிரம்!" என்றாய். விமானம் கடந்ததும் கதவை இரண்டு தட்டு தட்டினேன். நீ பேச ஆரம்பித்தாய். மூன்றாம் தளம். 'தர்ட் ஃப்ளோர்.' கதவுகள் மூடுகின்றன. 'டோர்ஸ் குளோஸிங்.' நான் உன்னைப் பார்க்க முடியாது, நீ என்னைப் பார்க்க முடியாது. ஒருவேளை அதனால்தான் உனக்கு அவ்வளவு இயல்பாக வந்ததோ என்னவோ. ஆறு வருடத்துக்குப் பிறகு உன் ஆங்கிலத்தை முழுசாகக் கேட்டேன், ஒரு பலகைக் கதவு நடுவில் இருக்க.

இன்னொன்றும் கேட்டேன். அதைச் சொல்லவில்லை. நடுவில் உனக்கு ஃபோன் வந்தது, உன் ப்ராஜெக்ட் குழுவில் இருக்கிற நாக்பூர்ப் பையன். அலமாரிக்குள்ளேயே, ஆங்கிலத்தில் பேசினாய். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நாலு நிமிடம். ரகசியம் ஒன்றும் இல்லை. அப்பா உன்னைப் புடவைக் கடைக்குள் அடைத்து வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தாய். அவனைச் சிரிக்க வைத்தாய். அவன் ஏதோ பயந்தான், தைரியம் சொன்னாய். உன் குரல் ஓடியது, தாவியது, ஒரு இடத்தில் உறுமியது, மேலே ஏறி அங்கேயே நின்றது. வீட்டில் எனக்குத் தெரிந்தவன் சாப்பிட்டாயா என்றால் "ம்" என்பவன். இவன் யாரடா, இவ்வளவு வேடிக்கையான பையன், இவனோடு பேசிக்கொண்டிருக்கலாமே என்று இருந்தது. அந்த நாலு நிமிடத்தை அழித்துவிட்டேன். கேட்டதை அழிக்க முடியவில்லை. ஒட்டுக் கேட்டது தப்புதான்.

அடுத்த நாள் ராகவன் சாருக்குப் போட்டுக் காட்டினேன். தமிழ் கேட்டுத் தலையாட்டினார். ஆங்கிலம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சார் இது? தர்ர்ர்ட் ஃப்ளோர்ர்ர். ஆட்டோ ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கு. யார் இந்தப் பையன்?"

"தெரிஞ்ச பையன் சார்" என்றேன். பார்த்துக்கொள், என் பிள்ளை என்று சொல்லவில்லை.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாக்குல எலும்பு இல்ல. பெரியவங்க இருக்கிற பில்டிங், யாருக்கும் புரியாது. மாத்துங்க."

நீ அப்போது கல்லூரி விடுதியில், கடைசித் தேர்வுக்கு. திரும்பப் பேசச் சொல்ல வேண்டுமானால் 'உன் உச்சரிப்பு சரியில்லையாம்' என்று உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்குத் துணிச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை பூஜை. அவசரக்காரன் மூளை எங்கே போகும்? பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடினேன். உனக்குப் பத்து வயதில் இதே அலமாரிக்குள் நின்று லிஃப்ட் விளையாடுவாய், நான் படம் எடுத்திருக்கிறேன். கதவைத் திறந்து, "தேர்டு ஃப்ளோர்!" என்று கத்துவாய், அழுத்தம் திருத்தமாக, ராகவன் சார் ரசிக்கிற மாதிரி. மாடி எண்கள் எல்லாவற்றையும் அதிலிருந்து வெட்டினேன். மீதியை இப்போதைய உன் குரலிலேயே விட்டேன். குரலைக் கொஞ்சம் கனமாக்கப் பார்த்தேன், கிணற்றுக்குள்ளிருந்து பேய் கூப்பிடுவதுபோல இருந்தது, அதனால் அப்படியே ஒட்டிவிட்டேன். யார் கவனிக்கப் போகிறார்கள்? வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டினார்கள், மேளத்துக்கு நடுவில் யாரும் கவனிக்கவும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மேடவாக்கத்தில் வேறொரு லிஃப்டின் குழிக்குள் நிற்கிறேன். சிட்லபாக்கம் காவலாளி ஏழுமலை அண்ணன் ஃபோன்.

"சார், ஓடியா சார்! லிஃப்டுக்குள்ள ஒரு சின்னப்புள்ள மாட்டிகினு கீது!"

"உள்ள யார் அண்ணா? எந்த மாடி?"

"அதான் சார் பேஜாரா கீது. கதவத் தொறந்தா ஆள் இல்ல. மூடுனா உள்ளேர்ந்து கத்துது. கூட ஒரு பெரிய ஆளு வேற கீறான். 'கோயிங் அப்'புன்றான். பையன் 'தேர்டு ஃப்ளோர்'னு அலறுறான். கடத்திகினு போறானா சார்?"

அந்த இரண்டு பேரும் நீதான் என்று புரிந்ததும் குழியிலிருந்து ஏறினேன். தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். கட்டடத்து ஜனம் முழுக்கக் கீழே. நாலாம் மாடி விஜயா மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அது கத்தினாக்கூடப் பரவால்லைங்க. நாலாவது மாடி வந்தா என்னைப் பாத்து சிரிக்குது! ஒரு துக்க வீட்டுக்குப் போயிட்டு வரேன், 'ஃபோர்த் ஃப்ளோர், ஹிக்கிக்'னு சிரிச்சா எப்படி இருக்கும்?" விளையாடும்போது நாலாம் மாடி வந்ததும் நீ சிரித்துவிடுவாய். நான் வெட்டும்போது பாதிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ராகவன் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளே காலியாக நின்ற லிஃப்ட், பத்து வயது நவீனும் இருபத்தொரு வயது நவீனுமாக, மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தது. யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஏழுமலை அண்ணன் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் ஒருவரும் மிச்சமில்லை. விஜயா மேடம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் மாடியில் உன் வகுப்புத் தோழன் சந்தோஷ் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. அவன் பதிவு செய்து உனக்கு அனுப்பிவிட்டான். "மச்சான், எங்க லிஃப்ட்ல நீயும் உன் தம்பியும் பேசறீங்கடா. உனக்குத் தம்பி இருக்கானா?" ஞாயிறு இரவு சாப்பிடும்போது நீ அதை மேசைமேல் வைத்துப் போட்டுக் காட்டினாய். உன் அம்மா சிரித்த சிரிப்பில் தோசை கருகியது. நீ சிரிக்கவில்லை.

"நான் பேசினதுல எது புரியலப்பா?" என்று கேட்டாய்.

"எல்லாம் புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

"அவருக்குப் பிடிக்கல."

"உங்களுக்கு?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்று விட்ட பதிலை இன்று சொல்கிறேன். பிடிக்காமல் இல்லை, பயம். நீ அப்படிப் பேசும்போது நான் வெளியில் நிற்பதாகப் பட்டது. இருபத்தொரு வயதில் பெற்ற பிள்ளை, என் தோளுக்குச் சமமாக வளர்ந்து, நான் கற்றுக்கொடுக்காத ஒரு ஓசையில் உலகத்தோடு பேசுகிறான். அவனை இழுத்துப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, 'தப்பு' என்று சொல்வது. தப்பு என்று சொன்னால் திரும்பி என்னிடம் வந்து கேட்பாய் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நீ கேட்க வரவில்லை, பேச்சையே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் உன் குரலைப் பழையபடி முழுசாக ஏற்றினேன். ராகவன் சார் விடவில்லை. "பெரியவங்களுக்குப் புரியாது" என்று அதே பாட்டு. எனக்கு வாதாட வராது, சோதனை போட வரும். எட்டுப் பேரை லிஃப்டுக்குள் நிற்கவைத்தேன். ராகவன் சார், அவர் மனைவி, விஜயா மேடம், ஏழுமலை அண்ணன், இன்னும் நாலு பேர். எல்லோர் கண்ணிலும் துண்டு. எந்த மாடிக்குப் போகிறது என்று சொல்லாமல், இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கினேன். குரலை மட்டும் கேட்டு மாடியைச் சொல்ல வேண்டும். தமிழை அணைத்துவிட்டேன். நீயும் வந்திருந்தாய், மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, இந்த மனுஷன் யார் என்று தெரியாத பாவனையில். 'செகண்ட் ஃப்ளோர்' என்றது உன் குரல். எட்டுப் பேரும் "ரெண்டு!" என்றார்கள். 'ஃபோர்த்' என்றது. "நாலு!" ஒரு தடவைகூடத் தவறவில்லை. ராகவன் சார் துண்டைக் கழற்றி மடித்தார். "புரியுது. ஆனா பிடிக்கல."

அவர் மனைவி துண்டை அவிழ்க்காமலே, "உங்களுக்கு யாரு பிடிக்கச் சொன்னா? இறங்கச் சொன்னா இறங்குங்க. நீங்க பேசற இங்கிலீஷத் தாலி கட்டின நாள்லேர்ந்து கேக்கறேன். பிடிக்குதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. உன் குரலே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கட்டடத்தில் நீதான் பேசுகிறாய். விஜயா மேடத்துக்கு மட்டும் ஒரு குறை, சிரிப்பை எடுத்துவிட்டேனாம்.

ஆனால் எனக்கு அது வெற்றி இல்லை. கதவு திறந்ததும் விஜயா மேடம் உன் கன்னத்தைப் பிடித்து, "தம்பி, நீதானா அது? எங்க, எனக்கு நேர்ல ஒரு தடவ சொல்லிக் காட்டு" என்றார். நீ வாயைத் திறந்தாய். திறந்து, என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "வேணாம் ஆன்ட்டி" என்றாய். ஒரு நொடிப் பார்வைதான். எட்டுப் பேருக்கு முன்னால் உனக்குக் கூச்சமில்லை, ஒருவன் முன்னால்தான். லிஃப்ட் பெட்டியில் உன் குரலை மீட்டுவிட்டேன், உன்னிடத்தில் மீட்கவில்லை. அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அறிவுரை இல்லாமல் கடிதம் எழுதினால் அப்பன் பட்டத்தைப் பறித்துவிடுவார்கள், அதனால் கொஞ்சம். புனேயில் நீ பேசுவதைக் கேட்டு யாராவது முகம் சுளிப்பார்கள். புரியவில்லை என்று சொன்னால் திரும்பச் சொல், மெதுவாகச் சொல், அது உன் கடமை. பிடிக்கவில்லை என்று சொன்னால் சிரித்துவிட்டு வேலையைப் பார், அது அவர்கள் பிரச்சினை. இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன், நீ குழப்பிக்கொள்ளாதே. அதேபோல, என்னைப்போலக் கண்ணால் ஆங்கிலம் கற்ற ஒருவர் அங்கே உன் அலுவலகத்தில் நிச்சயம் இருப்பார். எழுத்தெழுத்தாகப் பேசுவார். நாலு பேர் அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது நீ சேராதே. நீ சேர்ந்தால் அவர் சாயங்காலம் ரயிலில் வாயைப் பொத்திக்கொண்டு பயிற்சி செய்வார், இருபது வருடம் கழித்து அவர் பிள்ளை அதை வாங்கிக்கொள்வான். இன்னொன்று. இன்றைக்கு நீங்கள் எல்லோரும் புதுசாகப் பேசுகிறீர்கள். உனக்கு என் வயது வரும்போது உனக்குப் பின்னால் வருகிறதுகள் இன்னும் எப்படியோ பேசும், 'ஃப்ளோர்' என்பதை எங்கே கொண்டு போய் வைக்குமோ தெரியாது. உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். முகத்தை மட்டும் பார்த்துக்கொள். பந்தியில் உட்கார்ந்திருந்தால் பாயசத்தைக் குடி, வாயைத் திறக்காதே.

இந்த இடத்தில் 'என்னை மன்னித்துவிடு' என்று எழுதி முடிப்பதாகத்தான் இருந்தேன். மன்னித்துவிடு, அது நிற்கட்டும். ஆனால் நேற்று நடந்ததையும் சேர்த்தே எழுத வேண்டும். நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன்.

நேற்றுச் சாயங்காலம் உன் பெட்டியை எடை போட்டேன். பதினைந்து கிலோதான் அனுமதி, பதினேழரை காட்டியது. நான் உன் சட்டைகளுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் செட்டும், எட்டு சாக்கெட் வைத்த நீட்டிப்புப் பலகையும், ஒரு கட்டிங் பிளையரும் வைத்திருந்தேன். நீ உள்ளே வந்து பார்த்தாய். பிளையரைத் தூக்கிப் பிடித்தாய்.

"அப்பா, ஸீரியஸ்லி? வாட் ஆர் யூ ஈவன் டூயிங்?"

"ஐ ஆம் பேலன்ஸிங் த லோட்" என்றேன், கிண்டி மேலாளர் பாணியில்.

அவ்வளவுதான், நீ பிடித்துக்கொண்டாய். புனேயில் கடையே இல்லையா, நான் கணினி வேலைக்குப் போகிறேனா கம்பம் ஏறப் போகிறேனா, ஒரு மனுஷனுக்கு எட்டு சாக்கெட் எதற்கு, எப்போதும் இப்படித்தான், கேட்காமலே செய்வது, கேட்டால் அவசரம் என்பது. எல்லாம் ஆங்கிலத்தில். உறுமல் வந்தது, கரைந்த எழுத்து வந்தது, ஒவ்வொரு வாக்கியமும் கேள்வியாக மேலே ஏறி என் தலையில் விழுந்தது. ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் போகவில்லை. சமையலறையிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் எந்த ஊரு பாஷைல சண்ட போடுறீங்க?" என்றாள். நீ அவளுக்கும் ஆங்கிலத்திலேயே ஒன்று கொடுத்தாய். பிளையரையும் பலகையையும் வெளியில் எடுத்துப் போட்டு, துணிகளை அடுக்கி, ஜிப்பை மூடி, எடை போட்டாய். சரியாகப் பதினைந்து. சண்டை முடிந்துவிட்டது. நீ கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாய்.

எனக்குப் போதவில்லை. "ஷூ அந்தப் பக்கம் இருந்தா சக்கரம் இழுக்கும்டா" என்று சொல்லி, ஒழுங்காக மூடியிருந்த ஜிப்பைப் பிடித்து மறுபடியும் இழுத்துத் திறந்தேன். நீ மறுபடியும் ஆரம்பித்தாய்.